சைக்கிள் இடிபட்டது சமூகச் செயலோ?

எங்கட வீட்டில ஏற்கெனவே ஒரு விஞ்ஞானி இருந்தார். அது அப்பா. பள்ளிக்கூடத்தில பௌதிகவியல் படிப்பிச்சவர். தொண்ணூறுகளின்ர பின்கூறு அது. புதுக்குடியிருப்பில கரண்ட் இல்லை, ஆய்வுகூடத்தில உருப்படியா ஒரு கண்ணாடிச் சாமான் இல்லை, மண்ணெண்ணெயில இருந்து சவர்க்காரம் வரைக்கும் எல்லாத்துக்கும் அரசாங்கத்தின்ர தடை. "புவியீர்ப்புக்கு மட்டும் ஒருத்தனாலையும் தடை போட ஏலாது" எண்டு அப்பா சோக்கட்டியை மேல தூக்கி விட்டுக் காட்டுவார். சோக்கட்டிக்கும் தட்டுப்பாடு எண்டபடியா அது நிலத்தில விழ முதல் மற்றக் கையால பிடிச்சுப்போடுவார்.

நான் வெளிவாரியாப் பட்டம் படிச்சுக்கொண்டிருந்தனான். பல்கலைக்கழகத்துக்குப் போகப் புள்ளி காணேல்லை, அது வேற கதை, அதைக் கிளறாதேங்கோ. என்ர பாடம் சமூகவியல். அப்பாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே சோத்துக்குள்ள கல்லுக் கடிபட்ட மாதிரி.

"சனம் கூடிக் கதைக்கிறதைப் படிக்க வகுப்பென்னத்துக்கு? சந்தைக்குப் போனாக் காணுமே" எண்டார் ஒருநாள்.

"அது விஞ்ஞானம் அப்பா."

"விஞ்ஞானமெண்டா முன்கூட்டியே சொல்ல வேணும். இந்தச் சோக்கட்டியை விட்டா விழும் எண்டு நான் சொல்லுவன், விழும். உன்ர விஞ்ஞானம் என்னத்தைச் சொல்லும்?"

எனக்குக் கோபம் எப்பவும் மூக்கு நுனியில. "நாளைக்கு மத்தியானம் நீங்கள் சாப்பிட்ட சோத்துக்கோப்பையை அப்பிடியே வைச்சிட்டு எழும்பிப் போவியள். இருந்து பாருங்கோ" எண்டன்.

"உது விஞ்ஞானமில்லை, வாய்க்கொழுப்பு" எண்டார் அப்பா.

அடுத்த நாள் மத்தியானம் அப்பா சாப்பிட்டார், ஏவறை விட்டார், எழும்பினார், வாசல்மட்டும் போனார். நான் அடக்க ஏலாமல் சிரிச்சுப்போட்டன். அவ்வளவுதான். மனுசன் திரும்பி வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய், சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவிக் கவிட்டு வைச்சார். கலியாணம் கட்டின நாள் தொட்டு அம்மா இப்பிடியொரு காட்சியைக் கண்டதில்லை. "என்னப்பா, உடம்புக்கு ஏதும் செய்யுதோ?" எண்டு பதறிப்போனா.

இதை நான் வகுப்பில போய்ச் சொன்னன். எங்களுக்குப் படிப்பிச்ச சேர் யாழ்ப்பாணத்தில இருந்து இடம்பெயர்ந்து வந்த பெடியன், என்னைவிட ஒரு மூண்டு நாலு வயசு கூட இருக்கும். சந்தைக்குப் பின்னால ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள்ள வகுப்பு. எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு புத்தகம், அதுவும் அவரிட்ட. அவர் எங்களுக்கு ஒரு அத்தியாயம் முன்னால போய்க்கொண்டிருந்தார். சில கிழமை நாங்கள் கேள்வி கேட்டு அவரை எட்டிப் பிடிச்சுப்போடுவம், அண்டைக்கு வகுப்பு நேரத்தோட முடியும்.

அப்பாவின்ர கோப்பைக் கதையைக் கேட்டிட்டுச் சேர் சந்தோசப்பட்டார். "பாத்தீங்களே, கல்லைப் பற்றி நாங்கள் என்ன சொன்னாலும் அது கல்லுக்குக் கேக்காது. உங்கட அப்பாவுக்குக் கேக்கும். கேட்டவுடன மாத்திச் செய்வார். அதுதான் எங்கட விஞ்ஞானத்தின்ர கரைச்சல்" எண்டார். இதை நான் வீட்டில வந்து சொன்னன். "அப்ப கல்லு நல்லது" எண்டிட்டு அப்பா பேப்பர் திருத்தப் போயிட்டார். ஆனா கோப்பை மட்டும் அதுக்குப் பிறகு அவற்ற கையால கழுவுப்படேல்லை.

இனி அக்காவின்ர கதைக்கு வாறன், ஏனெண்டா எல்லாம் அவாவாலதான் வந்தது. அக்கா பாலர் பள்ளி ரீச்சர். முப்பது தட்டப்போகுது. வந்த சம்பந்தமெல்லாம் ஒவ்வொரு விதமாப் போய்ச்சேர்ந்தது. ஒண்டில செவ்வாய் குறுக்க வந்து நிண்டது. இன்னொண்டில மாப்பிள்ளை வெளிநாட்டுக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டு, போனவர் போனவர்தான். மற்றொண்டு, பேச்சுக்கால் முடியமுதல் அந்த ஊரே இடம்பெயர்ந்து போச்சு. ஒவ்வொண்டும் போகேக்க அக்கா "போனாப் போகட்டும்" எண்டு சீலையை மடிச்சு அலுமாரிக்குள்ள வைப்பா. எனக்கு அந்தச் சீலையைக் கண்டாலே எரிச்சல் வரும்.

அந்த முறை வேற மாதிரி. ஒட்டுசுட்டானில ஒரு பயிற்சிக்குப் போய் நிண்டநேரம் அங்கத்தைய கூட்டுறவுச் சங்கக்கடையில மனேச்சரா இருந்த ஒருத்தரைக் கண்டிருக்கிறா. "எல்லாருக்கும் சரியா அளந்து குடுக்கிற மனுசனடி. எனக்கும் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் கூட விடேல்லை" எண்டு சொல்லேக்க அக்காவின்ர முகம் சிவந்து போச்சு. எனக்கெண்டா விளங்கேல்லை. கஞ்சப்பயலுக்கு முகம் சிவக்கிற ஒருத்தியை நான் அண்டைக்குத்தான் கண்டன். பிறகு ஆராரோ ஊடால கதை போய், கதை வந்து, குறிப்புப் பொருந்தி, ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் நேர வந்து பாத்து வெத்திலை மாத்துறதெண்டு முடிவாச்சு. வெள்ளிக்கிழமை அக்கா எனக்கு மட்டும் மெல்லமாச் சொன்னா: "உதுவும் சரிவராட்டி எனக்கு இனி ஒருத்தரும் வேண்டாம். நான் சொல்லிப்போட்டன்." அக்கா ஒண்டைச் சொன்னா அதில நிப்பா. என்னை மாதிரி இல்லை.

"நாளைக்கு வகுப்பும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், வீட்டில நில்" எண்டு அம்மா சொன்னா. நான் நிக்கேல்லை. மத்தியானத்துக்கு முதல் வந்திடுவன் எண்டு வெளிக்கிட்டிட்டன்.

அண்டைக்குப் பாடம் சமூகச் செயல். ஜெர்மன் தேசத்துப் பெரிய அறிஞர் ஒருத்தர் ஒரு உதாரணம் சொல்லியிருக்கிறாராம். ரெண்டு சைக்கிள்காரர் தற்செயலா இடிபட்டா அது மரத்தால மாங்காய் விழுந்த மாதிரி, வெறும் சம்பவம். ஆனா இடிபடாமல் ஒருத்தரை ஒருத்தர் விலத்தப் பாத்தாலோ, இடிபட்ட பிறகு ஏசுப்பட்டாலோ, அது சமூகச் செயல். ஏனெண்டா அங்க மனுசன் மற்ற மனுசனை நினைச்சு ஒரு அர்த்தத்தோட ஒண்டைச் செய்யிறான்.

வன்னியில அந்தக் காலம் சைக்கிள் இல்லாட்டி உயிரில்லை. அரிசி மூட்டை, ஆஸ்பத்திரிக்குப் போற வருத்தக்காரர், கலியாணப் பொம்பிளை, எல்லாம் சைக்கிள் கரியலிலதான். அதால அந்த உதாரணம் கொட்டிலுக்குள்ள தீப்பிடிச்ச மாதிரிப் பத்திக்கொண்டுது. ஆளாளுக்குத் தாங்கள் இடிபட்ட கதை. நான் எழும்பிக் கேட்டன்: "சேர், வேணுமெண்டு இடிச்சா?"

"வேணுமெண்டு இடிச்சா அது முழுச் சமூகச் செயல். ஆனா வேணுமெண்டோ, தற்செயலோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டு இடியும் ஒரே இடிதானே. இடிச்சவற்ற மனசுக்குள்ள போய்ப் பாக்க வேணும். அங்கதான், பிள்ளையள், எங்களுக்குத் தலையிடி" எண்டார் சேர்.

பிறகு இடைவினைவாதம் எண்டு இன்னொண்டையும் தொடங்கினார். சாமான்களில அர்த்தம் எண்டு ஒண்டும் தன்ர பாட்டில இருக்கிறேல்லையாம். ஆக்கள் பழகிப் பழகித்தான் அதில அர்த்தத்தை ஏத்தினமாம். ஏத்தின பிறகு அது உண்மை மாதிரியே வேலை செய்யுமாம். கதை முத்தி, நேரம் போனது தெரியேல்லை. நான் பதறியடிச்சுக்கொண்டு வெளிக்கிட்டன்.

மண்டைக்குள்ள முழுக்க அந்த ஜெர்மன்காரரும் சைக்கிளும். எங்கட ஒழுங்கை திரும்புற முடக்கில கிளுவை வேலி உயரம், அங்கால வாறது இஞ்சால தெரியாது. புழுதி மண். எனக்குப் பிறேக் ஒண்டுதான் பிடிக்கும், அதுவும் நினைச்சாத்தான் பிடிக்கும். திரும்பினன். டமார்!

எழும்பிப் பாக்கிறன், வெள்ளை வேட்டியோட ஒரு பெரிய மனுசன் வேலியோட சாய்ஞ்சு கிடக்கிறார். அவற்ற சைக்கிளின்ர முன்சில்லு நெளிஞ்சு, ஓலைப்பெட்டி கவிண்டு, கதலி வாழைப்பழம் எல்லாம் மண்ணுக்குள்ள.

"கண்ணென்ன பிடரியிலயோ ஐயா இருக்கு?" எண்டன் நான். விழுந்த மனுசனைத் தூக்கிவிடமுதல் இதைத்தான் சொன்னன்.

"நான் பெல் அடிச்சனான்! உனக்குக் காது செவிடோ?"

"பெல் அடிச்சாப்போல ஒழுங்கை உங்கட சீதனக் காணியோ?"

"அட, வாயைப் பார் வாயை! உன்னைப் பெத்தவை ஆர்?"

அதுக்கு நான் சரியான மறுமொழி ஒண்டு எடுத்து வைச்சிருந்தன். சொல்ல வாய் திறக்க, பின்னால இன்னொரு சைக்கிள் வந்து நிண்டுது. அதை ஓட்டிக்கொண்டு வந்தவர் மெலிஞ்ச, நீட்டுக் காற்சட்டைக்காரர். கரியலில ஒரு அம்மா, பட்டுச்சீலை. அவா இறங்கிச் சீலையைச் சரிசெய்துகொண்டு என்னட்டக் கேட்டா: "பிள்ளை, உங்க பௌதிக மாஸ்டர் வீடு எது?"

"என்னத்துக்கு?" எண்டன், தெரிஞ்சுகொண்டும்.

"ஒரு நல்ல காரியமா வாறம்."

"அது எங்கட வீடுதான்" எண்டு சொன்னன். என்ர குரல் எனக்கே கேக்கேல்லை.

காற்சட்டைக்காரர்தான் மாப்பிள்ளை, பட்டுச்சீலை அவற்ற தாய், வேட்டிக்காரர் தாய்மாமன். அவர் எங்களை விட்டிட்டு மண்ணை அளைஞ்சு எதையோ தேடினார். சங்கிலியாக்கும் எண்டு நானும் குனிஞ்சு தேடினன். "என்னத்தை மாமா துலைச்சனீங்கள்?" எண்டு கேட்டன். ஐயாவில இருந்து மாமாவுக்கு வந்திட்டன், பாருங்கோ.

"கல்லு."

"என்ன கல்லு? மோதிரக் கல்லோ?"

"சும்மா கல்லு!"

அவை வந்தது மூண்டு பேர். நல்ல காரியத்துக்கு மூண்டு பேராப் போகக்கூடாது. நாலாவது ஆளுக்கு வரவேண்டியவருக்குக் காய்ச்சல். அதால தாய்மாமன் வீட்டு முத்தத்தில ஒரு கல்லைக் கும்பிட்டு எடுத்துச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சு, அதை ஒரு ஆளாக் கணக்குப் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். ஒட்டுசுட்டானில இருந்து எங்கட முடக்குமட்டும் ஒழுங்கா வந்த அந்த நாலாவது ஆளை நான் இடிச்சு விழுத்திப்போட்டன். ஒழுங்கை முழுக்கக் கல்லுத்தான். எது ஆள், எது கல்லு எண்டு ஆருக்குத் தெரியும்?

தாய்மாமன் நிமிர்ந்தார். "தங்கச்சி, திரும்புவம். வாசலுக்கு வரமுதல் இடி. பழம் மண்ணில. கூட வந்த ஆளும் துலைஞ்சுபோச்சு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?"

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வெளிக்கிட்டார். தாய்மாமன் ஒரு பார்வை பாத்தார், அவர் வாயை மூடிக்கொண்டார். சங்கக்கடையில அளவுக்கு மேல ஒரு சொட்டும் விடாத மனுசன் கதையிலயும் அப்பிடித்தான் போல.

ஆனா நெளிஞ்ச சில்லோட ஒட்டுசுட்டானுக்குத் திரும்ப ஏலாது. சந்தியில இருந்த சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போச்சினம். நான் வீட்டை ஓடினன்.

அக்கா குசினிக்குள்ள வடை சுட்டுக்கொண்டு நிண்டா. நான் மூச்சிரைக்கச் சொல்லி முடிச்சன். அம்மா "ஐயோ, குடிகெடுப்பாளே!" எண்டு தலையில கையை வைச்சா. அக்கா ஏசேல்லை. ஏசியிருந்தா நான் தாங்கியிருப்பன். அவா குனிஞ்சு அடுப்பை நூர்த்தா. "விறகை ஏன் வீணாக்குவான்" எண்டா. பிறகு அறைக்குள்ள போய்ச் சீலை மாத்தத் தொடங்கிட்டா.

நான் அப்பாவைப் பாத்தன். அப்பா சேட்டை மாட்டினார். "சகுனமாம் சகுனம். நான் போய் விளங்கப்படுத்திறன்" எண்டு வெளிக்கிட்டார். நானும் பின்னால போனன்.

சைக்கிள் கடையில கடைக்காரர் சில்லைக் கழட்டி வைச்சுக் கம்பி கம்பியா முறுக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வாங்குப் பலகையில நிரையா இருந்தினம். அப்பா நேர வகுப்புக்குள்ள போறமாதிரிப் போனார்.

"ஐயா, நான் பௌதிகவியல் படிப்பிக்கிறனான். இதில பயப்பட ஒண்டுமில்லை. புழுதி மண்ணில உராய்வு குறைவு. முடக்கு. ரெண்டு பக்கமும் வேகம். வேலி மறைக்குது. இடிபடத்தான் செய்யும். ஒருத்தரிலயும் பிழை இல்லை. ஒருத்தரும் நினைச்சுச் செய்யேல்லை. சும்மா தன்ர பாட்டில நடந்தது."

தாய்மாமன் அமைதியாக் கேட்டார். கேட்டிட்டு, "அதைத்தானே மாஸ்டர் நானும் சொல்லுறன்" எண்டார். "ஒருத்தரும் நினைச்சுச் செய்யேல்லை. தன்ர பாட்டில நடந்தது. அப்ப நடத்தினது ஆர்?" எண்டு ஒரு விரலை மேல காட்டினார். "அதுக்குப் பேர்தான் சகுனம்."

முப்பது வருசமாப் பௌதிகவியல் படிப்பிச்ச மனுசன் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். அவர் எவ்வளவு விளங்கப்படுத்துறாரோ, சகுனம் அவ்வளவுக்குப் பலமாகுது. எண்டாலும் விடாமல் இன்னும் கொஞ்சம் உராய்வைப் பற்றிச் சொல்லிப் பாத்தார். தாய்மாமன் ஒவ்வொண்டுக்கும் "ஓம், ஓம்" எண்டு தலையாட்டினார்.

எனக்கு அப்பதான் பொறி தட்டிச்சு. தற்செயல் எண்டாத்தானே சகுனம்? மாங்காய் தானா விழுந்தாச் சகுனம். ஒருத்தன் கல்லால எறிஞ்சு விழுத்தினா அது களவு, சகுனமில்லை. இடியில ஒரு வித்தியாசமும் இல்லை. இடிச்சவற்ற மனசிலதான் எல்லாம் இருக்கு. இடிச்சது நான். என்ர மனசுக்குள்ள என்ன இருந்ததெண்டு சொல்ல உலகத்தில ஒரே ஒரு ஆள்தான் இருக்கு.

ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய் எண்டு சொல்லுவினம். ஒண்டுதானே, போகட்டும்.

"நான் வேணுமெண்டுதான் இடிச்சனான்" எண்டன்.

கடைக்காரர் முறுக்கிறதை நிப்பாட்டினார். அப்பா என்னைத் திரும்பிப் பாத்த பார்வையை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்.

"என்ன?" எண்டார் தாய்மாமன்.

"ஓம் மாமா. நீங்கள் ஆரெண்டு தெரிஞ்சுதான் வந்து இடிச்சனான். கடவுளும் இல்லை, சகுனமும் இல்லை. எல்லாம் நான்தான்."

"அப்ப தெரியாத ஆள் மாதிரி ஏசினனீ?"

"நடிச்சனான்."

"அந்த ஏச்சு நடிப்போ?" தாய்மாமன் நம்பேல்லை. அந்த விசயத்தில நான் அவரைக் குறை சொல்லமாட்டன். ஆனா ஆள் ஆடிப்போனது முகத்தில தெரிஞ்சுது. நான் விடுவனே? "வேலிக்கு இஞ்சால ஒளிச்சு நிண்டு, நீங்கள் பெல் அடிக்கக் கேட்டுத்தான் மிதிச்சனான்" எண்டு இன்னும் ரெண்டு பிடி உப்புப் போட்டன்.

வாங்கில இருந்த மாப்பிள்ளையின்ர தாய் என்னைப் பாத்துக் கேட்டா: "ஏன் பிள்ளை?"

கோதாரி. அதை நான் யோசிக்கவேயில்லை. செயலைத் தயார் பண்ணின நான் அர்த்தத்தைத் தயார் பண்ண மறந்துபோனன். சமூகவியல் படிக்கிறவள், 'ஏன்' எண்ட கேள்வி வருமெண்டு தெரியாமல் நிக்கிறன். எல்லாரும் என்ர வாயைப் பாத்துக்கொண்டிருக்கினம்.

"அக்கா போயிடுவா" எண்டன். சும்மா, வாயில வந்ததைச் சொன்னன்.

அவா பாத்துக்கொண்டே இருந்தா. நான் இன்னும் ஏதாவது சொல்லவேணும். "அக்கா போனா எனக்கு ஆர் தலை இழுத்துப் பின்னி விடுறது? அம்மா விளக்குமாறைத் தூக்கேக்க ஆர் இடையில வாறது?" இதெல்லாம் பொய்க்குத்தான் சேர்த்துக்கொண்டு போறன். "குண்டு போடப் பிளேன் வந்தாப் பங்கருக்குள்ள என்னை உள்ளுக்குத் தள்ளிப்போட்டுத் தான் வாசல் பக்கம் குந்துவா. ஒவ்வொரு தரமும் அப்பிடித்தான். நான் ஒருநாளும் ஏனெண்டு கேட்டதில்லை. இனி..."

இனி எண்டதோட எனக்குக் கதை நிண்டுபோச்சு. பிறகு சந்தி முழுக்கக் கேக்கக் குழறி அழுதன். மூக்கும் வடியுது, கண்ணும் வடியுது, துடைக்க ஒண்டுமில்லை, கடைக்காரர் எண்ணெய்ச்சீலையை நீட்டுறார். பொய் சொல்லப் போனவள் நான். அக்கா போகப்போறா எண்டது எனக்கு அந்த வாங்குக்கு முன்னாலதான் முதன்முதலாத் தெரிஞ்சுது. அதுவரைக்கும் வடை, சீலை, வெத்திலை எண்டு நானும் குதிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன், மொக்கி.

அப்பா என்ர தோளில கையை வைச்சார்.

மாப்பிள்ளையின்ர தாய் எழும்பினா. "அண்ணை, உது சகுனமில்லை" எண்டா. "உது தங்கச்சி."

தாய்மாமன் நாடியைத் தடவினார். "தங்கச்சிக்காரிக்குக் கொஞ்சம் விசர் போல" எண்டார். பிறகு தானே, "நாங்கள் தமக்கையைத்தானே கேட்டு வந்தனாங்கள்" எண்டும் சொன்னார். ஆனா இன்னும் எழும்பேல்லை. "எல்லாம் சரி, நாங்கள் இப்ப மூண்டு பேரெல்லோ?"

அப்பா விறுவிறுவெண்டு கடைக்கு வெளியில போனார். குனிஞ்சார். ஒண்டை எடுத்தார், பாத்திட்டு எறிஞ்சார். இன்னொண்டை எடுத்துச் சேட்டில துடைச்சுக் கொண்டுவந்து தாய்மாமன்ர கையில வைச்சார். "இந்தாங்கோ ஐயா, நாலாவது ஆள். இவர் எங்கட ஊர்க்காரர்" எண்டார். முகத்தில ஒரு சிரிப்பும் இல்லை. தாய்மாமன் அதைக் கண்ணில ஒத்திப் பொக்கற்றுக்குள்ள போட்டார்.

நான் முன்னால ஓடிப்போய் அக்காவைத் திரும்பச் சீலை உடுக்கச் சொன்னன். அடுப்பு ஆறிப்போச்சு, வடை பாதி வேகேல்லை. ஆனா வந்தவை நல்லாயிருக்கெண்டு சொல்லித்தான் சாப்பிட்டினம். குசினிக்குள்ள அக்கா என்ர முகத்தைக் கழுவிவிட்டிட்டுப் பால் விடாத பிளேன்ரீத் தட்டோட விறாந்தைக்குப் போனா. குசினிக்குள்ள இருந்த அக்கா வேற, விறாந்தையில போய் நிண்ட அக்கா வேற. அவ்வளவு அடக்கம். நான் கதவிடுக்கால பாத்துக்கொண்டு நிண்டன். மாப்பிள்ளை பிளேன்ரீயை ஒரு சொட்டும் சிந்தாமல் குடிச்சார். வெத்திலை மாத்தினது, நாள் பாத்தது எல்லாம் அண்டைக்கே முடிஞ்சுது.

இரவு சாப்பாட்டில அப்பா, "விஞ்ஞானம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா வேலை செய்யுது" எண்டார். சாப்பிட்ட கோப்பையை அப்பிடியே வைச்சிட்டு எழும்பிப் போனார்.

ஊரில என்ர பேர்தான் கெட்டுப்போச்சு. கதை சந்தியால பரவிச்சு. என்ர சைக்கிளைக் கண்டாச் சனம் இறங்கி ஓரத்தில நிக்கும், "விலத்துங்கோ, வேணுமெண்டு இடிக்கிறவள் வாறாள்" எண்டு பெடியள் கத்துவாங்கள். "ஐயோ, அது தற்செயல்" எண்டு நான் சத்தியம் பண்ணிப் பாத்தன். ஒருத்தரும் நம்பேல்லை. ஒருத்தரில ஒரு பேரை ஒட்டினாப் பிறகு உரிக்க ஏலாதெண்டு சேரின்ர அடுத்த அத்தியாயத்தில வந்தது. அதை அவர் படிப்பிக்கேக்க வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சுது. என்னைப் பொம்பிளை பாக்க வந்த முதல் கூட்டம், பிறகொரு காலத்தில, சைக்கிளில வராமல் உழவு மெசினில வந்தது. அதையும் அந்தக் கணக்கிலதான் சேர்க்க வேணும்.

அக்காவின்ர கலியாணம் அம்மன் கோயிலில நடந்தது. எளிமையா, பகலோட. தாலி கட்டி, சாப்பாடு முடிஞ்சு, மண்ணெண்ணெயில ஓடுற ஒரு வானில மாப்பிள்ளை வீட்டுக்கு வெளிக்கிடுற நேரம். அக்கா உள்ளுக்கு ஏறிட்டா. நான் யன்னலோட நிண்டனான். அக்கா தலையை வெளியில நீட்டி மெல்லமாக் கேட்டா:

"உண்மையைச் சொல்லு. அண்டைக்கு வேணுமெண்டுதான் இடிச்சனீயோ?"

நல்ல நாளில பொய் சொல்லக்கூடாதெண்டு நினைச்சன். "இல்லையக்கா. பாடத்தை நினைச்சுக்கொண்டு வந்தனான். உன்னை நினைக்கவே இல்லை."

அக்காவின்ர முகம் விழுந்துபோச்சு. நான் எதிர்பார்க்கேல்லை. அவா கழுத்து மாலையைப் பாத்துக்கொண்டு சொன்னா, "அப்ப என்னைப் போகாமல் மறிக்க ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை."

வான் உறுமத் தொடங்கிட்டுது, புகை மண்டுது. நான் யன்னலுக்குள்ளால கையை விட்டு அவாவின்ர கையைப் பிடிச்சன்.

"செய்தனான் அக்கா. வேணுமெண்டுதான் இடிச்சனான். இப்ப உன்னட்டச் சொல்ல வெக்கமா இருந்தது."

அக்காவுக்குக் கண்ணெல்லாம் நிறைஞ்சுபோச்சு. என்ர தலையில ஒரு குட்டுக் குட்டினா.

"எனக்கு அப்பவே தெரியுமடி" எண்டா. வான்காரர் கோர்ண் அடிச்சும் என்ர கையை விடேல்லை.